ஜூஸ், ஸ்மூதி: நடுவில் நிற்கும் வடிகட்டி

2024 ஜூன் மாதம் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., பழச்சாறு நிறுவனங்களுக்கு ஓர் உத்தரவு அனுப்பியது. அடர்சாற்றில் தண்ணீர் கலந்து பழையபடி ஆக்கிய ஜூஸ் டப்பாக்களில் ‘100 சதவீதம் பழச்சாறு’ என்று அச்சிடக் கூடாது. விளம்பரத்திலும் சொல்லக் கூடாது. அதற்கு ஒரு மாதம் முன்பு, இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமான ஐ.சி.எம்.ஆர். அமைப்பின் கீழ் இயங்கும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஜூஸைவிட முழுப் பழமே நல்லது என்று சொல்லியிருந்தது. கரும்புச்சாற்றில் 100 மில்லிக்கு 13 முதல் 15 கிராம் சர்க்கரை இருப்பதால் அதை அளவாகவே குடிக்கச் சொன்னதும் அதே வழிகாட்டிதான்.

இந்தச் செய்திகளுக்குப் பிறகு பலர் ஜூஸை விட்டு ஸ்மூதிக்கு மாறினார்கள். “பழத்தை அப்படியே அரைக்கிறோம், எதையும் வீணாக்கவில்லை” என்பது அவர்கள் வாதம். அதில் பாதி சரி. மீதிப் பாதி டம்ளரின் அளவிலும், கூடச் சேர்ப்பதிலும், குடிக்கிற வேகத்திலும் இருக்கிறது.

எது ஜூஸ், எது ஸ்மூதி?

பழத்தைப் பிழிந்தோ அரைத்தோ சக்கையை நீக்கி, நீரை மட்டும் எடுத்தால் ஜூஸ். சதையை அரைத்து, எதையும் நீக்காமல் அப்படியே குடித்தால் ஸ்மூதி. பெரும்பாலும் அதில் தயிரோ பாலோ சேரும். கடலை, விதை வகைகளும் சேர்வதுண்டு.

நம் ஊர் ஜூஸ் கடையில் இந்த எல்லை கலங்கிப்போகும். சாத்துக்குடியை அழுத்திப் பிழிகிறார்கள். அது உண்மையான ஜூஸ். ஆப்பிள், மாதுளை, திராட்சையை மிக்ஸியில் ஐஸ், சீனிப்பாகு, தண்ணீரோடு அடித்து, பெரிய வடிகட்டியில் கரண்டியால் தேய்த்து வடிக்கிறார்கள். வடிக்கும் வரை அது ஸ்மூதி, வடித்ததும் ஜூஸ். மாம்பழம், பப்பாளி, சப்போட்டா ஆகியவற்றை வடிகட்டாமலே ஊற்றினாலும் விலைப்பலகையில் ஜூஸ் என்றோ மில்க் ஷேக் என்றோதான் எழுதியிருக்கும். ஆகவே பலகையைப் படித்து எதையும் முடிவு செய்ய முடியாது. வடிகட்டி வந்ததா இல்லையா என்று பார்க்க வேண்டும்.

வடிகட்டியில் தங்குவது என்ன?

முதன்மையாக நார்ச்சத்து. அதோடு சேர்ந்து, தோலிலும் சதைச் சவ்விலும் ஒட்டியிருக்கும் பாலிஃபீனால் எனப்படும் தாவர வேதிப்பொருள்களில் ஒரு பகுதி. சர்க்கரை நீரில் கரையும் என்பதால், அதில் பெரும்பகுதி டம்ளருக்கே வந்துவிடும்.

ஆரஞ்சை வைத்துக் கணக்குப் போடலாம். 250 மில்லி ஜூஸுக்கு மூன்று பழமாவது வேண்டும். மூன்று பழத்தையும் சுளையாகத் தின்றால் ஏறக்குறைய 9 கிராம் நார்ச்சத்து கிடைக்கும். பிழிந்து குடித்தால் அரை கிராம். சர்க்கரையோ 20 கிராமுக்கு மேல். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்றில் ஒரு பங்கைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு சர்க்கரையை மட்டும் வைத்துக்கொள்கிறோம்.

‘கோல்ட் பிரஸ்’ இயந்திரத்தில் எடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. மெதுவாகச் சுழல்வதால் காற்று குறைவாகக் கலக்கும், நிறமும் சுவையும் கொஞ்சம் நீடிக்கும்; சக்கை சக்கைதான். அதில் ‘உயிருள்ள என்சைம்கள்’ இருப்பதாக விற்பவர்கள் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. என்சைமும் ஒரு புரதமே. வயிற்று அமிலம் அதையும் மற்றப் புரதங்களைப் போலவே சிதைத்துவிடும்.

அரைத்தால் நார்ச்சத்து செத்துப்போகுமா?

ஸ்மூதியைப் பற்றி அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. சாகாது. மிக்ஸி பிளேடு நாரைப் பொடியாக்குகிறது. அதன் வேதியியலை மாற்றுவதில்லை. கரையும் வகையான பெக்டின் அரைத்த பிறகும் குழைந்து, உணவுக் கலவையைக் கெட்டியாக்கும் வேலையைச் செய்யும். கரையாத வகை குடலில் மலத்துக்குப் பருமன் தரும்.

மாறுவது வேறொன்று. பழத்தின் சர்க்கரை செல்சுவருக்குள் பூட்டிய டப்பாவில் இருப்பதுபோல் இருக்கிறது. மென்று தின்றால் சில டப்பாக்கள் வாயில் உடையும், மற்றவை குடலில் மெல்லத் திறக்கும். மிக்ஸி அவற்றில் பெரும்பாலானவற்றை ஒரே நிமிடத்தில் உடைத்துவிடுகிறது. சுவரின் துண்டுகள், அதாவது நார், டம்ளரிலேயே மிதக்கின்றன. ஆனால் சர்க்கரை வெளியே வந்துவிட்டது.

இதன் விளைவைக் காட்டும் பழைய சோதனை ஒன்று 1977-இல் ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. ஒரே அளவு கார்போஹைட்ரேட், 60 கிராம், இருக்கும்படி ஆப்பிளை மூன்று விதமாகக் கொடுத்தார்கள்: முழுப் பழம், கூழ், ஜூஸ். தெரியவந்தவை இவை:

1. ஜூஸை முழுப் பழத்தைவிட 11 மடங்கு வேகமாகக் குடிக்க முடிந்தது. கூழைவிட 4 மடங்கு.
2. உண்ணும் வேகத்தைச் சமமாக்கிய பிறகும், ஜூஸைவிடக் கூழும், கூழைவிடப் பழமும் அதிகம் வயிறு நிறைத்தன.
3. ரத்தச் சர்க்கரை மூன்றிலும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு ஏறியது. ஆனால் ஜூஸுக்குப் பின் திடுமென்று கீழே சரிந்தது. கூழுக்குப் பின் சரிவு குறைவு. பழத்துக்குப் பின் இல்லை.
4. இன்சுலின், ஜூஸுக்கும் கூழுக்கும் பழத்தைவிட அதிகம் சுரந்தது.

கூழ் என்பது சுத்தமான ஸ்மூதிதான். எல்லா அளவுகோலிலும் அது நடுவில் நிற்பதைக் கவனியுங்கள். இன்சுலினில் மட்டும் ஜூஸின் பக்கம் சாய்கிறது. அந்த மூன்றாவது அம்சத்தில் சொன்ன சரிவுதான், காலையில் ஜூஸ் மட்டும் குடித்தவர்களுக்குப் பதினோரு மணிக்கே பசி எடுப்பதற்கு ஒரு காரணம்.

எதிர்த்திசையில் ஒரு சேதியும் உண்டு. ஆப்பிளோடு பிளாக்பெர்ரி சேர்த்து அரைத்துக் கொடுத்தபோது, அதே பழங்களை முழுதாகத் தின்றதைவிட ரத்தச் சர்க்கரை குறைவாகவே உயர்ந்தது என்று 2022-இல் வந்த ஒரு சிறு ஆய்வு சொல்கிறது. பல்லில் அகப்படாமல் போகும் விதைகள் பிளேடில் உடைந்து, உள்ளிருக்கும் நாரும் பாலிஃபீனாலும் கொழுப்பும் வெளிவருவது காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். கலந்துகொண்டவர்கள் ஆரோக்கியமான இளைஞர்கள். சர்க்கரை நோயாளிகள் இதைத் தமக்கான அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நீண்டகாலக் கணக்கு வேண்டுமானால் 2013-இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வைப் பார்க்கலாம். சுகாதாரத் துறையில் பணிபுரிந்த 1,87,382 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். முழுப் பழம் அதிகம் உண்டவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு குறைவாக வந்தது. ஜூஸ் அதிகம் குடித்தவர்களுக்குக் கூடுதலாக வந்தது. வாரத்தில் மூன்று முறை குடிக்கும் ஜூஸுக்குப் பதில் பழம் தின்றால் ஆபத்து 7 சதவீதம் குறையும் என்று கணித்தார்கள். இது கூர்ந்து கவனித்த ஆய்வே தவிர, சோதனை அல்ல. பழம் தின்பவர்கள் வேறு பல நல்ல பழக்கங்களும் உள்ளவர்களாக இருக்கலாம்.

சர்க்கரையை எப்படி எண்ணுவது?

செல்சுவருக்கு வெளியே இருக்கும் சர்க்கரையைத் தனியாக எண்ணுவது உலக வழக்கம். இங்கே அதைத் ‘தனிச் சர்க்கரை’ என்போம். சீனி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன், பாகு, பழச்சாறு, அடர்சாறு எல்லாம் இதில் அடங்கும். முழுப் பழத்தில் இருப்பதும் பாலில் இருப்பதும் அடங்காது. மொத்தக் கலோரியில் தனிச் சர்க்கரை 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. 2000 கலோரி உண்பவருக்கு அது முறையே 50 கிராம், 25 கிராம்.

இங்கிலாந்து ஒரு படி மேலே போய், அரைத்த பழத்தின் சர்க்கரையையும் தனிச் சர்க்கரை என்றே எண்ணுகிறது. அந்நாட்டுப் பொதுச் சுகாதாரச் சேவையின் அறிவுரைப்படி, ஜூஸ், ஸ்மூதி இரண்டும் சேர்ந்தே நாளுக்கு 150 மில்லிதான். இது கறாரான கணக்கு என்று தோன்றினாலும், சர்க்கரை நோய் உள்ளவர்களும் எடை குறைக்க நினைப்பவர்களும் இதைப் பின்பற்றுவதே பாதுகாப்பு.

கடையில் வாங்கும் 350 மில்லி மாம்பழ ஷேக் ஒன்றை இப்போது எண்ணலாம். தோராயமாக, மாம்பழச் சதை 200 கிராமில் 27 கிராம் சர்க்கரை. சீனி மூன்று தேக்கரண்டி என்றால் 15 கிராம். பாலில் இயல்பாக உள்ள லாக்டோஸ் 7 கிராம். லாக்டோஸை விட்டுவிட்டாலும் 42 கிராம் ஆகிவிட்டது. மேலே ஐஸ்கிரீம் வைத்தால் 50-ஐத் தாண்டும். வடிகட்டி படாத, முழுப் பழம் போட்ட பானம்தான் இது. நார்ச்சத்து எவ்வளவு? மாம்பழத்தில் 100 கிராமுக்கு 1.6 கிராம்தான்; ஆக 3 கிராம்.

ஸ்மூதியின் பெயரில் இருக்கும் நன்மை, பழத்துக்குப் பழம் மாறும் என்பது இதிலிருந்து தெரியும். கொய்யாவில் 100 கிராமுக்கு 5 கிராமுக்கு மேல் நார், சர்க்கரை 9 கிராம். மாதுளை முத்தில் நார் 4, சர்க்கரை 14. தர்பூசணியில் நார் அரை கிராம்கூட இல்லை. அதை வடிகட்டினாலும் வடிகட்டாவிட்டாலும் பெரிய வித்தியாசமில்லை. கொய்யாவையும் மாதுளையையும் வடிகட்டுவதுதான் உண்மையான நட்டம்.

வீட்டில் போடும்போது

ஒருவருக்கு, 250 மில்லி டம்ளருக்கு:

1. முதலில் ஜாரில் தயிர் 100 கிராம், தண்ணீர் 50 மில்லி. நீர்ப்பொருள் அடியில் இல்லாவிட்டால் பிளேடு வெற்றிடத்தில் சுழலும், பழம் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதைச் சரிசெய்யக் கூடுதல் தண்ணீர் ஊற்றி, டம்ளர் இரண்டாகிவிடும்.
2. பழம் 120 முதல் 150 கிராம். ஒரு நடுத்தரக் கொய்யா, அல்லது முக்கால் கப் பப்பாளித் துண்டு. உட்கார்ந்து ஒரே மூச்சில் தின்னக்கூடிய அளவுக்கு மேல் பழம் ஜாருக்குள் போகக் கூடாது. மூன்று ஆப்பிளை யாரும் சேர்ந்தாற்போல் தின்பதில்லை; ஜூஸாக்கினால் குடித்துவிடுகிறோம்.
3. வறுத்த வேர்க்கடலை 10 கிராம், அல்லது ஊறவைத்த பாதாம் ஏழெட்டு. புரதமும் கொழுப்பும் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். ஆளிவிதை என்றால் பொடித்துப் போட வேண்டும். முழுசாகப் போட்டால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும்.
4. 20 விநாடி ஓட்டி நிறுத்தி, தள்ளிவிட்டு, மறுபடி 20 விநாடி. இரண்டு மூன்று நிமிடம் விடாமல் ஓட்டினால் ஜார் சூடாகும், காற்று புகுந்து நுரைக்கும், வைட்டமின் சி வேகமாக வீணாகும்.
5. சீனி வேண்டாம். நன்றாகப் பழுத்த பழம், ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய் போதும். பேரீச்சையைச் சேர்த்துவிட்டு ‘சீனியே போடவில்லை’ என்பவர்கள் கவனிக்க: சிறிய பேரீச்சை ஒன்றில் 4 முதல் 5 கிராம் சர்க்கரை, அரைத்த பின் அதுவும் ஏறக்குறைய சீனிதான்.
6. கெட்டியாக வைத்துக் கரண்டியால் சாப்பிட்டால் வேகம் தானாகக் குறையும். அதற்காகப் பாட்டிலில் ஊற்றி அரைநாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டிருக்கக் கூடாது. பழ அமிலமும் சர்க்கரையும் பல்லில் படும் நேரம் கூடும்.

கொய்யாவில் போட்டால், இந்த டம்ளரில் நார் சுமார் 8 கிராம், புரதம் 6 கிராமுக்கு மேல், பழச் சர்க்கரை 12 கிராம் வரும்.

கெட்டுப்போவது எங்கே, ஏன்?

*கசப்பு.* பப்பாளியையோ அன்னாசியையோ பால், தயிரோடு அடித்து வைத்தால் அரைமணியில் கசக்கத் தொடங்கும். பப்பாளியின் பப்பெயின், அன்னாசியின் புரோமலைன் ஆகிய என்சைம்கள் பால் புரதத்தை வெட்டிக் கசப்பான துண்டுகளாக்குகின்றன. கெட்டுவிட்டது என்று பொருளல்ல. ஆனால் அடித்தவுடன் குடித்துவிட வேண்டும். அன்னாசியை ஐந்து நிமிடம் வேகவைத்து ஆறவிட்டால் அதன் என்சைம் அடங்கிவிடும், வைட்டமின் சி கொஞ்சம் போகும். சாத்துக்குடியின் கசப்பு வேறு. விதையிலும் உள்தோலின் வெள்ளைப் பகுதியிலும் இருந்து உருவாகும் லிமோனின் என்ற கசப்புப் பொருள், நேரம் ஆக ஆகக் கூடும். விதையோடு மிக்ஸியில் போட்டவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

*கொய்யா விதை.* அரைபட்ட விதை மணல்போல் நறநறக்கும். அதற்காக டீ வடிகட்டியில் வடித்தால் சதையும் போய்விடும். கண் பெரிய வடிகட்டியில் தேய்த்து விதையை மட்டும் நிறுத்தலாம்.

*அடுக்காகப் பிரிவது.* சிறிது நேரத்தில் கெட்டி ஒரு பக்கமும் நீர் ஒரு பக்கமும் நிற்கும். தெளிந்ததைக் குடித்துவிட்டுக் கெட்டியைக் கழுவி ஊற்றினால், வடிகட்டி செய்யும் வேலையை நாமே செய்கிறோம். கலக்கிக் குடிக்க வேண்டும்.

*வாழைப்பழம்.* எல்லா ஸ்மூதியிலும் கெட்டித்தன்மைக்காக வாழைப்பழம் போடுவது வழக்கம். அதில் பாலிஃபீனால் ஆக்ஸிடேஸ் என்ற என்சைம் அதிகம்; வெட்டி வைத்த பழம் கறுப்பதும் இதனால்தான். 2023-இல் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த சிறு ஆய்வொன்றில், வாழைப்பழம் கலந்த ஸ்மூதியைக் குடித்தவர்களின் உடலில் ஃபிளாவனால் என்ற பாலிஃபீனால் சேர்ந்த அளவு, அதை மாத்திரையாக எடுத்தபோது இருந்ததைவிட 84 சதவீதம் குறைந்தது. இதய நலனுக்கு என்று கோகோ, திராட்சை, பெர்ரி வகைகளைப் போடுகிறவர்கள் மாம்பழம், அன்னாசி, ஆரஞ்சு அல்லது தயிரைக் கொண்டு கெட்டியாக்குவது நல்லது. வாழைப்பழத்தில் குற்றமில்லை, அதைத் தனியாகத் தின்னலாம்.

பாக்கெட்டைப் படிக்கும்போது

இந்திய விதிப்படி ‘ஃப்ரூட் டிரிங்க்’ வகைக்குக் குறைந்தபட்சம் 10 சதவீதம் பழச்சாறு இருந்தால் போதும். எலுமிச்சை வகைக்கு 5 சதவீதம். அட்டையில் மாம்பழம் சொட்டினாலும் உள்ளே பெரும்பகுதி சீனித்தண்ணீராக இருக்கலாம். லேபிளில் மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை என இரண்டு வரி இருக்கும். அவை 100 மில்லிக்குத் தரப்பட்டிருந்தால் பாக்கெட் அளவோடு பெருக்கிப் பாருங்கள். பாட்டில் ஸ்மூதியில் பொருள்பட்டியலின் முதல் பெயர் ஆப்பிள் ஜூஸோ திராட்சை ஜூஸோ என்றால், அது கெட்டியாக்கிய ஜூஸ்.

ஜூஸே சரி என்கிற இடங்கள்

ஜூஸை ஒரேயடியாக வில்லனாக்கத் தேவையில்லை. அதன் வேகமே சில நேரம் மருந்தாகும்.

1. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்கு ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோய் வியர்த்து நடுங்கினால், 15 கிராம் சர்க்கரை உடனே உள்ளே போக வேண்டும். 120 முதல் 150 மில்லி ஜூஸ் அதைத் தரும். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். தயிரும் கடலையும் போட்ட ஸ்மூதி இங்கே தாமதம் செய்யும், கொடுக்கக் கூடாது. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.
2. இரும்புச்சத்து மாத்திரையைச் சாத்துக்குடி ஜூஸோடு எடுத்தால் வைட்டமின் சி உறிஞ்சுதலைக் கூட்டும். பால், தயிர் கலந்த ஸ்மூதியின் கால்சியம் அதைக் குறைக்கும். கர்ப்பிணிகள் கவனிக்க வேண்டியது இது.
3. அறுவைச் சிகிச்சைக்கு முன் ‘தெளிந்த பானம்’ மட்டும் என்று மருத்துவர் சொன்னால், சக்கை இல்லாத ஆப்பிள் ஜூஸ் அதில் வரும். ஸ்மூதி உணவுக் கணக்கு.

விலக வேண்டியவர்கள்

குழந்தைகளுக்கு அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2017-இல் தந்த ஜூஸ் வரம்பு: ஒரு வயது வரை கூடவே கூடாது, 1 முதல் 3 வயது வரை நாளுக்கு 120 மில்லிக்குள், 4 முதல் 6 வரை 180-க்குள், அதற்கு மேல் 240-க்குள். பால் குடித்து வளரும் பருவத்தில் ஜூஸ் வயிற்றை அடைத்தால் சோறு இறங்காது.

சிறுநீரக நோயாளிகளுக்கு ஸ்மூதி ஜூஸைவிடப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. பழம், கீரை, விதை எல்லாம் ஒரே டம்ளரில் சேர்ந்தால் பொட்டாசியம் குவியும். பசலைக் கீரையைப் பச்சையாக அரைக்கும் ‘கிரீன் ஸ்மூதி’யில் சிறுநீரகக் கல்லை உருவாக்கும் ஆக்சலேட் அதிகம்; கல் வந்தவர்கள் தினமும் குடிக்கக் கூடாது. நட்சத்திரப் பழச் சாறு சிறுநீரகம் பழுதானவர்களின் மூளையைப் பாதித்திருக்கிறது. கேரளத்தில் கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பி பிலிம்பிக்காய்ச் சாற்றைக் குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

சுரைக்காய்ச் சாறு இன்னும் கவனம் வேண்டியது. சில காய்களில் குகுர்பிட்டசின் என்ற நச்சு கூடிவிடும். வெளித்தோற்றத்தில் தெரியாது, கசப்பில் மட்டுமே தெரியும். சமைத்தால் முதல் வாயிலேயே துப்பிவிடுவோம். ஜூஸாக, அதுவும் நெல்லிக்காய், பாகற்காயோடு கலந்து, ‘கசந்தால்தான் மருந்து’ என்று மடமடவெனக் குடிக்கும்போது ஆபத்தான அளவு உள்ளே போய்விடும். இந்தியாவில் இதனால் இறப்புகள் நேர்ந்ததையடுத்து ஐ.சி.எம்.ஆர். நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்தது. அறிவுரை எளிது: அரைப்பதற்கு முன் காயில் ஒரு துண்டு வெட்டி நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் முழுக் காயையும் எறியுங்கள், வேறு எந்தக் கசப்புப் பொருளோடும் அதைக் கலக்காதீர்கள். குடித்த பின் வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி தொடங்கினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய், சுரைக்காய்ச் சாறு குடித்ததை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.